ரோஸ்லின் அண்ணி பார்த்த பந்து

என் பிரியமான ரோஸ்லின் அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் சில நாட்களும் ஆகின்றன. வருட நினைவுப் பூசை நல்லபடியாக நடந்தது. அண்ணன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளை போடச் சொன்னேன்; உங்களுக்கு நீலம்தான் பிடிக்கும் என்றார். ஜெரால்டு ஆறாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறான். கணக்கு பரவாயில்லை, தமிழ்தான் கொஞ்சம் இழுக்கிறது. கிளமெண்டிக்கு ரயில் வந்துவிட்டது. டோபி காட் போய்வர இப்போது பஸ்ஸில் தூங்கி விழ வேண்டியதில்லை.

இதையெல்லாம் கல்லறைக்கு வந்தபோதே உங்களிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் திரும்பி வந்தது ஒன்று இருக்கிறது. நம் தேவாலயப் பங்கு மலரில் நினைவுப் பக்கத்துக்கு எழுதச் சொன்னார்கள். உங்கள் குணத்தைப் பற்றி நான்கு நல்ல வரி எழுதினால் போதும் என்றார்கள். நான் எழுதப்போவது ஒரு டென்னிஸ் பந்தைப் பற்றி. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

படிக்கிற இளையவர்களுக்கு இந்தச் சிங்கப்பூரில் அப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் காலாங் பக்கத்துத் திடலில் பெண்களுக்கான அந்தப் போட்டி தொடங்கியது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கானதுதான், ஆனால் இரண்டாம் தரம். பத்திரிகையில் பெரிய படமாக வருகிறவர்கள் அதற்கு வர மாட்டார்கள். மேலே ஏறப் பார்க்கிறவர்களும் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறவர்களும் வருவார்கள். ஆஸ்திரேலியாவில் ஆடி முடித்துவிட்டு ஜப்பானுக்குப் போகிற வழியில் ஒரு வாரம் இங்கே தங்கி ஆடுவார்கள். தரவரிசைக்குச் சில புள்ளிகள் சேர்த்துக்கொண்டு அடுத்த விமானம் ஏறிவிடுவார்கள்.

பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆள் வேண்டும். அத்தனை பேருக்கு எங்கே போவார்கள்? கண் நன்றாகத் தெரிந்தால் போதும், டென்னிஸ் ஆடத் தெரிய வேண்டியதில்லை என்று உங்கள் ஆபீசில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கப்பல் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்த நீங்கள் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். கல்யாணமாகி வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டின் மாடியில் அம்மா, அண்ணன், நீங்கள், நான், கைக்குழந்தை ஜெரால்டு என்று எல்லாரும் ஒன்றாக இருந்த காலம். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். ஆடுகிறது ஆம்பளைகளா, பொம்பளைகளா? பொம்பளைகள்தான் அத்தை என்றீர்கள். அப்படியானால் தெரேசாவையும் கூட்டிக்கொண்டு போ, தனியாகப் போக வேண்டாம் என்றார்கள். நான் லைன் நடுவரானது இப்படித்தான். டெலிபோன் ஆபரேட்டராக இருந்த எனக்குக் காது நல்ல காது. கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மூன்று சனிக்கிழமை பயிற்சியும், உடுத்த வெள்ளைப் பாவாடையும் தொப்பியும் கொடுத்தார்கள். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பந்து வெளியே. இரண்டு உள்ளங்கையையும் கீழ்நோக்கிக் காட்டினால் உள்ளே. ஆட்டக்காரி மறைத்துவிட்டாலோ, வேறு எதனாலோ பார்க்க முடியாமல் போனாலோ, இரண்டு கையாலும் கண்ணை மூடிக் காட்ட வேண்டும். அப்போது உயர்ந்த நாற்காலியில் இருக்கிற பெரிய நடுவர் முடிவு செய்வார். பயிற்சி கொடுத்த சீனர் இதை இரண்டு தடவை சொன்னார். பார்க்கவில்லை என்று காட்டுவது அவமானமில்லை என்றார். ஆட்டக்காரர்களோடு சிரித்துப் பேசக் கூடாது, விழுந்த பந்தைப் பற்றி அவர்களிடம் மூச்சே விடக் கூடாது என்றும் சொன்னார்.

நீங்கள் அதையெல்லாம் வேதபாடம் மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். முதல் வருடமே ஒரு பந்துக்கு அவுட் கொடுத்துவிட்டு, உடனே கையைத் தூக்கி, என் தவறு, பந்து உள்ளேதான் விழுந்தது என்று பெரிய நடுவரிடம் சொன்னீர்கள். அத்தனை பேர் முன்னால். தேநீர் இடைவேளையில் மற்ற நடுவர்கள் உங்களைத் தனியே கூப்பிட்டு, இப்படி மாற்றிச் சொன்னால் நமக்கு மரியாதை போய்விடும், சொன்னதில் நின்றுவிடுங்கள் என்றார்கள்.

"தப்பா சொன்னா தப்புன்னு சொல்லணும்லா. வேற என்ன பண்றது?" என்றீர்கள். பிறகு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்கள்.

செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த உயரமான பெண் ஒருத்தியை ஞாபகம் இருக்கிறதா? கூட வந்தவர்கள் யாருமில்லை. திடல் வாசலில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பாள். உங்களுக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் விதியும் விடவில்லை. அவள் மூன்றாம் நாள் தோற்று வெளியேறும்வரை காத்திருந்து, அதன் பிறகு போய்ப் பேசி, சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து தோசை வாங்கிக் கொடுத்தீர்கள். அவள் தோற்றது உங்களுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அண்ணன் கேலி செய்தார்.

மழை வந்தால் எல்லாரும் சேர்ந்துதான் தண்ணீரைத் தள்ளுவோம். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தன்று மூன்று தடவை தள்ளினோம். அங்கே ஆடிய ஒருத்தி சில வருடம் கழித்துப் பெரிய மைதானங்களில் ஆடினாள். டிவியில் அவளைப் பார்த்ததும் நீங்கள், இவள் சர்வீஸ் போடும்போது என் கோட்டில் இரண்டு தடவை காலை வைத்து மிதித்தவள் என்றீர்கள். அவள் ஜெயித்ததெல்லாம் உங்களுக்கு ஞாபகமில்லை.

சாந்தினி ஆடியது கடைசிக்கு முந்திய வருடம்.

காத்தோங் பெண். சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு அருகே வீடு. பத்தொன்பது வயது. தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்தாள். முதல் சுற்றிலும் ஜெயித்தாள். அதற்கு முன்னால் உள்ளூர்ப் பெண் யாரும் அந்தப் போட்டியில் முதல் சுற்றைத் தாண்டி நாம் பார்த்ததில்லை. தமிழ்ப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. இரண்டாம் சுற்றுக்குச் சிராங்கூன் ரோட்டிலிருந்தே ஒரு கூட்டம் வந்திருந்தது. நம் பங்கு இளைஞர்களும் வந்திருந்தார்கள். எதிரே ஆடியவள் ஓர் ஆஸ்திரேலியப் பெண். தரவரிசைப் பட்டியலில் மேலே இருந்தவள்.

அன்று நாம் இருவரும் ஒரே மூலையில் இருந்தோம். நீங்கள் பின்கோட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் பக்கக்கோட்டுக்கு நேராக, அதன் பின்னால் நின்றிருந்தேன். பந்து நீளமாகப் போனால் நீங்கள் சொல்ல வேண்டும். அகலமாகப் போனால் நான் சொல்ல வேண்டும். ஒருவர் கோட்டைப் பற்றி மற்றவர் வாய் திறக்கக் கூடாது.

மூன்றாவது செட் சமமாகி, ஆட்டத்தை முடிவு செய்யும் டை பிரேக்கருக்குப் போனது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் சாந்தினிக்கு ஆட்டம். ஆஸ்திரேலியப் பெண் வலைக்கு ஓடி வந்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து சாந்தினி பக்கக்கோட்டை ஒட்டி ஒரே அடி அடித்தாள். பந்து நேராக நம் மூலைக்கு வந்தது.

நான் என் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அண்ணி. பந்தைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்கக் கூடாது, பந்து வருவதற்கு முன்பே கண் கோட்டில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் சாந்தினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. நான் கண்ணைக் கீழே இறக்கியபோது பந்து தரையில் பட்டு எழும்பிவிட்டது.

கண்ணை மூடிக் காட்டியிருக்கலாம். அதற்குத்தானே அந்தச் சைகை இருக்கிறது? ஆனால் அந்த ஒரு நொடியில் என் மனசில் ஓடியது வேறு. இந்தப் பந்தை உள்ளே என்று விட்டால், தமிழச்சி தமிழச்சிக்குக் கொடுத்துவிட்டாள் என்று சொல்வார்கள். பார்க்கவில்லை என்றாலும் அதையேதான் சொல்வார்கள். எனக்கு எது வேண்டுமோ அதற்கு எதிராகச் சொல்லிவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கையை நீட்டி அவுட் என்று கத்தினேன்.

பெரிய நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். உங்கள் உள்ளங்கை இரண்டும் முழங்காலுக்கு மேலே கீழ்நோக்கி இருந்தன. உங்கள் கோட்டுக்குப் பந்து உள்ளே. அதற்கு மேல் சொல்ல உங்களுக்கு இடமில்லை.

சாந்தினி வாதாடவில்லை. இடுப்பில் கையை வைத்து நம் மூலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மூன்று புள்ளியும் போயின. ஆட்டமும் போயிற்று. கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நம்ம புள்ளைக்கே இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்றார். கத்தவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு, நீங்க என்ன பார்த்தீங்க அண்ணி என்று கேட்டேன்.

"என் லைனுக்குப் பந்து நல்லா இருந்துச்சு."

"என் லைனுக்கு?"

"உன் லைன் உன்னுதுலா" என்றீர்கள். பிறகு, மறுநாள் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளைப் பாவாடை காய்ந்ததா என்று போய்ப் பார் என்றீர்கள். அவ்வளவுதான். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, நீங்கள் அந்தப் பந்தைப் பற்றிப் பேசவேயில்லை.

மறுநாள் காலையில் ஏதோ வேலையிருக்கிறது என்று எனக்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள். நான் தனியாகத் திடலுக்கு வந்தேன். மத்தியானம் இரட்டையர் ஆட்டத்துக்குச் சாந்தினி வந்திருந்தாள். வர மாட்டாள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் நன்றாக ஆடினாள். நான் வேறு திடலுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் கடைசி வருடம். அது கடைசி என்று நமக்கு அப்போது தெரியாது. கூட்டம் குறைந்திருந்தது. ஆதரவு கொடுத்த கம்பெனி விலகிக்கொள்ளப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். அடுத்த முறையும் நமக்கு வழக்கமாக வரும் கடிதம் வந்தது; ஆனால் இந்த ஆண்டு போட்டி இல்லை, மீண்டும் நடக்கும்போது தெரிவிக்கிறோம் என்று இருந்தது. அந்த வாரத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகையில் ஒரு மூலையில் நான்கு வரி வந்தது. மீண்டும் நடக்கவில்லை.

உங்களுக்கு வருத்தம் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கடைசி வருடம் முழுவதும் ஒவ்வொரு பந்துக்கும் நான் பயந்து பயந்து, ஒரு கணம் தாமதமாகவே கையை நீட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பிறகு அம்மா போனார்கள். கெர்பாவ் ரோட்டை விட்டுக் கிளமெண்டி அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். பிறகு உங்கள் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிற்பகல்களில் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை அண்ணி, பொய் சொன்னேன் என்று. நீங்கள் ஜெரால்டின் பள்ளிக்கூடச் சட்டை சின்னதாகிவிட்டதே என்பீர்கள். நான் அதற்குப் பதில் சொல்வேன். நேரம் முடிந்துவிடும்.

உங்களிடம் சொல்ல முடியாமல் போனதை, சொல்ல வேண்டிய இன்னொருத்தியிடமாவது சொல்லிவிடலாம் என்று வருடப் பூசைக்கு முந்திய வாரம் கிளம்பினேன். சிலோன் ரோட்டில் கோயிலுக்கு எதிரே பூக்கடையில் விசாரித்தேன். டென்னிஸ் சாந்தினியா என்று கேட்டு உடனே வீட்டைக் காட்டினார்கள். கல்யாணமாகி, அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை.

நான் யார் என்று சொன்னேன். காலாங், அந்த மூலை, அந்தப் பந்து. அவள் முகம் மாறவில்லை. உள்ளே வரச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், மைலோ கலந்து கொண்டுவந்தாள். நான் அதைத் தொடவில்லை.

"சாந்தினி, அந்தப் பந்தை நான் பார்க்கலை" என்றேன். "உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். பார்த்த மாதிரி அவுட் கொடுத்துட்டேன்."

அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். பிறகு, உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்டாள். எது என்றேன்.

"மறுநாள் காலையில உங்க அண்ணி எங்க வீட்டுக்கு வந்தாங்க."

வெள்ளைப் பாவாடையும் தொப்பியுமாக வாசலில் வந்து நின்றீர்களாம். அவள் அப்பா உங்களை உள்ளேயே விடவில்லையாம். அவள் இரவெல்லாம் அழுது, ராக்கெட்டை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு, இனிமேல் ஆடுவதில்லை என்று படுத்திருந்தாளாம். நீங்கள் வாசலில் நின்றபடியே, அவளிடம் ஒரு நிமிஷம் பேசினால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் எழுந்து வந்திருக்கிறாள்.

"அவங்க சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. 'பந்து ரெண்டு விரல் வெளியேம்மா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். என் நாத்தனா சரியாத்தான் சொன்னா. யாரும் உனக்கு அநியாயம் பண்ணலை. போய் ஆடு.' அவ்வளவுதான் சொன்னாங்க. தண்ணிகூடக் குடிக்கலை, டியூட்டிக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு போயிட்டாங்க."

எல்லாரும் அது உள்ளேதான் விழுந்தது, உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தர் மட்டும்தான் வெளியே என்று சொன்னார், அவரைப் பார்த்தால் பொய் சொல்கிற ஆள் மாதிரி தெரியவில்லை என்றாள். அதனால்தான் அன்று மத்தியானம் ஆட வந்தாளாம். அதற்குப் பிறகும் சில வருடம் ஆடினாளாம். பெரிதாக ஒன்றும் வரவில்லை, ஆனால் ஆட்டத்தின் மேல் கசப்பும் வரவில்லை. இப்போது பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

அண்ணி, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததை உங்களிடம் மறைப்பதற்கில்லை. ஆட்டக்காரியோடு பேசக் கூடாது என்று செக்கோஸ்லோவாக்கியப் பெண் தோற்கும்வரை காத்திருந்த நீங்கள், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டக்காரியின் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். விழுந்த பந்தைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். அந்த விதியை மீறியது நிச்சயம். மற்றது? பந்து உண்மையிலேயே இரண்டு விரல் வெளியே விழுந்ததா? அப்படியானால் பஸ்ஸில் என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் பார்க்காமல் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? அல்லது பந்து உள்ளே விழுந்து, அந்தப் பெண் மறுபடி ராக்கெட்டை எடுக்க வேண்டும் என்பதற்காகவும், உங்கள் வீட்டுப் பெண்ணை யாரும் திட்டக் கூடாது என்பதற்காகவும், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மாற்றிச் சொன்னீர்களா?

சாந்தினியும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அக்கா, நீங்க பார்க்கலைன்னு சொல்லிட்டீங்க. அது ஓகே. உங்க அண்ணி சொன்னதை நான் நம்பிக்கிட்டே இருக்கலாமா?"

தெரியாது என்பதுதான் என் நிலைமை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றும் இருந்தது, அதைச் சொன்னேன்.

"அவங்க அந்த மூலைக்கு என்னைவிடக் கிட்ட இருந்தாங்க, சாந்தினி. அவங்க கண்ணு கீழதான் இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். நீங்கள் போய் வருடமாகிறது என்று சொன்னதும், வருடப் பூசை என்றைக்கு, எந்தக் கோயிலில் என்று கேட்டுக்கொண்டாள். பூசையன்று கடைசி வரிசையில் குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். நம் ஆட்களில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. அண்ணன் மட்டும், யார் அந்தப் பெண் என்று கேட்டார். அண்ணிக்குத் தெரிந்த பெண் என்றேன். இதைப் படித்தபின் அவருக்கு மீதியும் தெரியும்.

வருகிற மாதம் அவளுடைய பள்ளிக்கூடப் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் போட்டி நடக்கப்போகிறது. கோட்டில் நிற்க ஆள் இல்லை, வர முடியுமா என்று கேட்டாள். முதலில் முடியாது என்றேன். பிறகு போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யார் அடிக்கிறாள், யார் ஜெயிக்க வேண்டும் என்று பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாததை, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும், தெரியாது என்று சொல்வேன். நீங்கள் அன்று என்ன பார்த்தீர்கள் என்று இனி உங்களைக் கேட்க மாட்டேன். இவை மூன்றும் என் வாக்கு.

நீங்கள் அன்று காலையில் யாருக்காகக் காத்தோங் பஸ் ஏறினீர்களோ, அந்த இருவரில் ஒருத்தி,
உங்கள் நாத்தனார் தெரேசா